புது வீட்டுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யா? பரவும் தகவல் தவறு

சென்னைப் புறநகரில் புது அடுக்குமாடி வீடு வாங்குவோர் அனைவரும், வீடு கட்டி முடிந்திருந்தாலும்கூட, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்ற வாட்ஸ்அப் செய்தி உண்மையல்ல.

2019 ஏப்ரல் 1 முதல், கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு வரி 5 விழுக்காடு. மலிவு விலை வீடாயின் 1 விழுக்காடு மட்டுமே. மொத்த விலை 45 லட்சம் ரூபாய்க்கு மிகாமலும், உட்பரப்பு சென்னைக்குள் 60, பெருநகர எல்லைக்கு வெளியே 90 சதுர மீட்டருக்கு மிகாமலும் இருந்தால் அது மலிவு விலை வீடு. அந்த 45 லட்சத்தில் வாகன நிறுத்தக் கட்டணமும் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பணி நிறைவுச் சான்றிதழ் கிடைத்த பிறகோ, முதல் குடியேற்றத்துக்குப் பிறகோ, எது முந்தியதோ அதன் பின்னரே முழுத் தொகையும் செலுத்தப்பட்டால் ஜி.எஸ்.டி. அறவே இல்லை, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வேறு கணக்கு.

கட்டுமானத்தில் இருக்கும் 40 லட்சம் ரூபாய் மலிவு விலை வீட்டுக்கு 40,000 ரூபாய் கட்ட வேண்டியவரை 7.2 லட்சம் என்று மிரட்டுகிறது இச்செய்தி. மத்திய மறைமுக வரிகள் வாரிய இணையதளத்திலுள்ள 2019 மார்ச் 29 தேதியிட்ட 3/2019 அறிவிக்கையில் இவ்விகிதங்களைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம்.