இரண்டு படத்தை ஒட்டி வைத்தால் ஏரி செத்துவிடுமா?

கோடை வந்தால் நம் டைம்லைனில் ஒரு வகைப் பதிவு தவறாமல் வந்துவிடும். இடப்பக்கம் நீலமாக ஓர் ஏரி, வலப்பக்கம் அதே ஏரி மண் நிறத்தில். மேலே "அன்று", "இன்று". கீழே வரிசையாக அழுகை முகங்கள். செயற்கைக்கோள் படங்களோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவன் என்பதால் யாராவது என்னை டேக் செய்து, "பாத்தீங்களா சார்?" என்று கேட்பார்கள். பார்க்கிறேன். பெரும்பாலும் படத்தில் தேதியே இருக்காது. தேதி இல்லாத சாட்டிலைட் படத்தை நான் வதந்திக் கணக்கில்தான் வைப்பேன்.

செம்பரம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஏரி நிரம்பி, நொடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். சென்னை மூழ்கியது. 2019 ஜூனில் அதே ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது; ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2020 நவம்பரில், நிவர் புயல் நேரத்தில், மறுபடி நிரம்பி மதகைத் திறந்தார்கள். இப்போது 2015ஐயும் 2019ஐயும் ஒட்டினால் "நாம் கொன்ற ஏரி" என்று ஒரு பதிவு போடலாம். 2019ஐயும் 2020ஐயும் ஒட்டினால் "ஏரியை மீட்ட சாதனை" என்று ஒரு போஸ்டர் அடிக்கலாம். படங்கள் எல்லாமே அசல். கதை இரண்டும் பொய். 2018 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது, 2020இல் மழை பெய்தது. அந்தப் படங்கள் காட்டுவது அதைத்தான்.

நம் ஊர் ஏரிகள் நிரம்பி வற்றுவதற்காகவே வெட்டப்பட்டவை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும், தை, மாசி வரை வயலுக்குப் போகும், சித்திரையில் ஆடு மேயும். வண்டல் அள்ள வேண்டும் என்றால் அப்போதுதான் இறங்க முடியும். ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பாரி வைப்பவருக்கு ஏரியும் தெரியவில்லை, படமும் தெரியவில்லை.

"அப்போ ஆரல் கடல்?" என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். சரியான கேள்வி. 1960களில் மத்திய ஆசியாவின் ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதில் தொடங்கி, அன்று உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த அது நம் கண்முன்னே சுருங்கியது. 2014இல் தெற்கு ஆரலின் கிழக்குப் பகுதி முழுக்க வறண்டதைச் செயற்கைக்கோள்தான் காட்டியது. அங்கே "அன்று, இன்று" பொய் இல்லை. ஆனால் அங்கேயும் இரண்டு படம் பாதிக் கதையைத்தான் சொல்லும். 2005இல் கசகஸ்தான் பக்கம், வடக்கு ஆரலைத் தெற்கிலிருந்து பிரிக்கும் கோக்-ஆரல் அணையைக் கட்டினார்கள். அதன்பிறகு வடக்கு ஆரலில் நீர்மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீன்பிடித் தொழில் திரும்ப வந்தது. வருடா வருடம் எடுத்த படங்களை வரிசையாகப் பார்ப்பவருக்குத்தான் தெற்கே சாவும் வடக்கே பிழைப்பும் ஒருசேரத் தெரியும். 1960க்குப் பக்கத்தில் 2014ஐ ஒட்டியவருக்கு அந்த அணை கண்ணிலேயே படாது.

வரிசையாகப் பார்ப்பதிலும் நமக்கென்று சில தலைவலிகள் உண்டு. ஏரி நிரம்புவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வானத்தில் மேகம் அடைத்துக்கொண்டிருப்பதும் அப்போதுதான். சாதாரண ஒளிப்படச் செயற்கைக்கோளுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். அதனால் ஏரி தளும்பும் நாளின் படமே பல வருடங்களில் கிடைக்காது. "ஓர் ஆண்டின் மேகமில்லாத படங்களைக் கலந்தது" என்று வரும் அழகான டைம்லாப்ஸ் வீடியோக்களில் நம் ஏரிகள் எப்போதும் கொஞ்சம் ஏழையாகவே தெரிவதற்கு இது ஒரு காரணம். சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோளுக்கு மேகம் தடையில்லை. அது அனுப்பும் அலை அமைதியான நீர்ப்பரப்பில் பட்டு வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். தண்ணீர் கன்னங்கரேலென்று தெரியும். பார்க்க அழகாக இருக்காது, லைக்கும் விழாது.

அப்புறம் ஆகாயத்தாமரை. ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும். மேலே இலை மூடியிருந்தால் செயற்கைக்கோளுக்கு அது பச்சை வயல். தெற்கே கண்மாய்களில் சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்டால் அதுவும் பச்சை. அதைக் காட்டி "பசுமைப் பரப்பு கூடியிருக்கிறது" என்று யாராவது சொன்னால் சண்டைக்குக்கூடப் போக முடியாது, எண் சரியாகவே இருக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் இந்திய வன நிலை அறிக்கையின் இலக்கணமே அப்படித்தான். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிப்பு, அதாவது மேலிருந்து பார்த்தால் மரத்தின் தழை மூடிய பரப்பு, இருந்தால் அது வனப்பரப்பு. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் அந்தக் கணக்கில் தேறிவிடும்.

ஆழமும் தெரியாது. தூர்ந்துபோய் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும் ஏரியும் நிறைந்த ஏரியும் மேலிருந்து ஒரே நீலம்.

இவ்வளவு குறை சொல்பவன் எதற்கு இந்தப் படங்களைக் கட்டி அழுகிறேன் என்றால், உள்வாய்க்காக.

ஏரிக்கரைக்கு எதிர்ப்புறம், ஆழம் குறைந்து தட்டையாகப் பரவிக் கிடக்கும் இடம்தான் உள்வாய். நல்ல மழை வருடத்தில் மட்டும் அங்கே தண்ணீர் ஏறும். மூன்று, நான்கு வருடம் மழை சரியில்லை என்றால் அது ஏரி என்ற நினைப்பே ஊருக்குப் போய்விடும். முதலில் ஒருவர் வெள்ளரி போடுவார். அப்புறம் ஒரு கொட்டகை. கட்டட இடிபாட்டைக் கொட்டி ஒரு வண்டிப்பாதை. கரண்ட் கம்பம் வந்துவிட்டால் முடிந்தது; அடுத்து 'லேக் வியூ' என்று பெயர் வைத்து பிளாட் விற்பார்கள். பெயரில் மட்டும் நேர்மை உண்டு.

ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் 2016இல் ஒரு வேலை செய்தது. 1984 முதல் 2015 வரையிலான லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுத்த சுமார் 30 லட்சம் படங்களை அலசி, உலகத்தின் ஒவ்வொரு பிக்சலிலும், அதாவது படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும், எத்தனை சதவீத நேரம் தண்ணீர் இருந்தது என்று வரைபடம் போட்டது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். எப்போதும் தண்ணீர் நிற்கும் இடம் நீலம். எப்போதாவது ஏறும் இடம் வெளிறிய ரோஸ். எந்த ஏரியைத் திறந்தாலும் என் கண் நீலத்துக்குப் போகாது. அந்த ரோஸ் பட்டையின்மேல் இன்றைய படத்தை வைத்து, எங்கே கூரை முளைத்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன். அடுத்த வெள்ளத்தில் படகு எந்தத் தெருவுக்குப் போகும் என்பதை அந்தப் பட்டை முன்கூட்டியே சொல்லிவிடும்.

வருவாய்த் துறைக்காரர்கள், "படத்தை வைத்து எல்லை சொல்ல முடியாது, எஃப்.எம்.பி.தான் கணக்கு" என்பார்கள். சர்வே எண் வாரியாக நிலத்தை அளந்து வரைந்த நில அளவை வரைபடம்தான் எஃப்.எம்.பி. அவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் நின்ற இடம் வேறு, சர்வே எண்ணின் கோடு வேறு. லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 22 சென்ட். அதை வைத்து வேலித் தகராறு தீர்க்க முடியாது. ஐரோப்பாவின் சென்டினல்-2 ஒளிப்படச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு பிக்சல் இரண்டரை சென்டுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் போதாது. ஆனால் கல் எங்கே நடப்பட்டது என்பதை நில அளவை வரைபடம் சொல்லும், அந்த இடம் எந்த வருடம் சிமென்ட் ஆனது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல செயற்கைக்கோள் படம் போதும். ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் வந்தது. "நாங்கள் அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இங்கே இருக்கிறோம்" என்று சொல்பவர்களில் யார் உண்மையிலேயே நாலு தலைமுறையாக இருக்கும் ஏழை, யார் போன மாமாங்கத்தில் மண் அடித்தவர் என்று பிரித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. புல்டோசர் முதலில் குடிசைக்கே போகும் ஊரில் இந்த வித்தியாசம் முக்கியம்.

மலிவு என்றால் இலவசம். முன்பு ஒரு லேண்ட்சாட் 7 படத்தின் விலை 600 டாலர். 2008இல் அமெரிக்கா மொத்தக் களஞ்சியத்தையும் திறந்துவிட்டது. சென்டினல் படங்களும் சும்மாவே கிடைக்கின்றன, சென்டினல்-2 என்றால் ஐந்து நாளுக்கு ஒன்று வீதம். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதிகாரி வந்து பார்ப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் லேப்டாப் வைத்திருக்கும் ஒரு கல்லூரிப் பிள்ளை இருக்கிறது.

பகிரத்தான் வேண்டும் என்றால் இப்படிப் பகிருங்கள். ஒரே மாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிப்ரவரி தோதான மாதம். மேகம் விலகியிருக்கும், தண்ணீரும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வருடத்துக்கு ஒரு படம், குறைந்தது பதினைந்து வருடம். ஒவ்வொன்றின் கீழும் தேதி, முந்தைய பருவமழையின் அளவு. நல்ல மழை பெய்தும் எந்த வருடத்திலிருந்து உள்வாய்க்குத் தண்ணீர் ஏறவில்லை என்று பாருங்கள். அந்த வருடம் வரத்துக் கால்வாயில் என்ன கட்டினார்கள் என்று ஊரில் பெரியவர்களிடம் விசாரியுங்கள். கிடைத்ததை இங்கே போட்டு என்னை டேக் செய்யுங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஒன்று மட்டும். 2003 மே இறுதிக்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 படம் எதைத் திறந்தாலும் குறுக்கே கறுப்புக் கோடுகள் வரிவரியாக ஓடும். அது வாய்க்கால் இல்லை, செயற்கைக்கோளில் ஒரு கருவி பழுதானதால் வந்தது. தயவுசெய்து "காணாமல் போன கால்வாய்கள்" என்று அதற்கு ஒரு பதிவு போட்டுவிடாதீர்கள்.