ஆறில் ஐந்து நல்ல பிரதி இருந்தாலும் போதாது

கால்மோடுலின் என்பது கால்சியத்தைப் பிடித்து வேலை செய்யும் ஒரு புரதம். "கால்மோடுலினுக்கு மூன்று மரபணுக்கள், ஆளுக்கு ஆறு பிரதிகள், ஒன்று கெட்டாலும் மற்ற ஐந்து சமாளித்துவிடும்" என்று ஒரு வாதம் உண்டு. முதல் பாதி சரி. கால்ம்1 14-ஆம் குரோமோசோமிலும், கால்ம்2 2-இலும், கால்ம்3 19-இலும் இருக்கின்றன. மூன்றும் தருவது ஒரே புரதம்தான், ஒரு அமினோ அமிலம்கூட மாறாது. இரண்டாவது பாதிதான் தவறு.

நல்ல பிரதி மிச்சமிருந்தால் போதும் என்ற நொதி குறைபாட்டுக் கணக்கு இங்கே செல்லாது. கால்மோடுலின் கால்சியம் வருவதற்கு முன்பே இதயத்தசையின் எல் வகை கால்சியம் வாயிலில் (செல்லுக்குள் கால்சியம் நுழையும் வழி) ஒட்டிக் காத்திருக்கும். கால்சியம் பிடித்ததும் வாயிலை மூடவைப்பது அதன் வேலை. கால்மோடுலினின் 130-ஆவது அமினோ அமிலமான அஸ்பார்டிக் அமிலம் கிளைசினாக மாறினால், கால்சியத்தைப் பிடிக்கும் நான்காவது வளையத்தின் முதல் இடமே போய்விடும். அந்தக் கெட்ட மூலக்கூறும் வாயிலில் வழக்கம்போல உட்கார்ந்துகொள்ளும், ஆனால் மூடாது. இடம் பிடித்துவிட்டதால் நல்ல மூலக்கூறு அங்கே வரவும் முடியாது. கால்சியம் கசிந்துகொண்டே இருக்க, க்யூடி இடைவெளி (இசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் மின்னேறி மீள எடுக்கும் நேரம்) நீளும். ஒரே ஒரு பிரதி கெட்டுச் சிறு குழந்தைகளுக்கு இதயம் நின்றது 2013-இலேயே பதிவாகியிருக்கிறது.

பழைய கட்டுரைகளில் இதே மாற்றம் 129 என்றிருக்கும். புரதத்தின் முதல் அமினோ அமிலமான தொடக்க மெத்தியோனினை எண்ணாத கணக்கு அது. இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் என்று குழம்ப வேண்டாம். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பும்போது மூன்று மரபணுக்களும் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். கால்ம்1 மட்டும் பார்த்துவிட்டு "இயல்பு" என்று வரும் அறிக்கை மற்ற இரண்டைப் பற்றி எதுவும் சொல்லாது. கால்சியம் மாத்திரை சாப்பிடுவதற்கும் இந்த மரபணுக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை.