என் நாய்க்குட்டியின் தட்டில் ஏன் ஆளாளுக்குக் கை வைக்கிறீர்கள்?

இன்னொரு தடவை யாராவது எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து, "நாய் ஓநாய் வம்சம், பச்சைக் கறிதான் போடணும்" என்று ஆரம்பித்தால் நான் மரியாதை பார்க்கப் போவதில்லை.

அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த பங்காளி வீட்டு அண்ணன். காரைக்குடி வெயிலில் காலையில் வாங்கிய கோழிக்கறி மத்தியானம் வரை வெளியிலேயே கிடக்கிறது. அதில் எலும்பில்லாத நெஞ்சுக்கறியாகப் பார்த்துப் பொறுக்குகிறார். "வேண்டாம்ண்ணே" என்கிறேன். நறுக்குகிறார். "நாலு மாசக் குட்டிண்ணே, டாக்டர் சொன்ன தீனி இருக்கு" என்கிறேன். "டாக்டருக்குக் கம்பெனிக்காரன் கமிஷன் குடுக்குறான்டா" என்கிறார், நறுக்கிக்கொண்டே. தட்டில் இருந்த தீனியை வாசலில் கொட்டுகிறார். கொட்டியதோடு விட்டாரா? தட்டைக் கொண்டுபோய் வளவு நடுவில் வைத்து, பச்சைக் கறியைப் போட்டு, குட்டி தின்பதைச் செல்போனில் எடுத்து, "ஆச்சி, பாருங்க எப்படிச் சாப்பிடுதுன்னு!" என்று கூப்பிட்டுக் காட்டுகிறார். கறியைப் போட்டால் எந்த நாய் தின்னாது? அதுவா பேச்சு?

அந்தத் தரையில்தான் தங்கச்சி மகள் தவழ்கிறாள். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி இருந்தால் ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. நாய் பல நேரம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதன் எச்சில், மலம் வழியாகக் குழந்தைக்கு வரலாம்.

அதைவிட வயிறு எரிவது எலும்பு விஷயம். வெறும் சதைக்கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். அதையே தினமும் போட்டால் வளர்கிற குட்டியின் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். கால் வளையும், லேசாக விழுந்தாலே ஒடியும். என்னுடையது ராஜபாளையம், கிடுகிடுவென்று வளர்கிற ஜாதி. பச்சை உணவு முறையை 1993இல் பரப்பிய ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட்கூட எலும்பு, ஈரல், காய்கறி எல்லாம் சேர்த்துத்தான் சொன்னார். ஓநாய் வம்சமாம்! மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு என்று 2013லேயே நிரூபித்தாகிவிட்டது.

தீனி விற்கிறவர்களும் யோக்கியம் இல்லை. பெரிய மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு கிலோ கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். தேதி கிடையாது, குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்பது கிடையாது, கொழுப்பு காறிப்போன வாடை வேறு. கேட்டால், "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க." பெரிய இனக் குட்டிக்கு ஏற்ற முழு உணவு என்று பையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார் எங்கள் டாக்டர். பையே இல்லாமல் எதைப் பார்ப்பது?

ராத்திரி முழுக்கக் குட்டி வாந்தி. அண்ணன் மறுநாள் காலையில் கார் ஏறிவிட்டார். சரி, குட்டியாவது கொஞ்சம் தூங்கட்டும் என்று பார்த்தால், கல்யாணத்துக்குக் கட்டிய மைக் செட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. யாருக்காக அய்யா பாடுகிறது அது? பந்தலில் ஒரு ஆள் இல்லை!