இமோ கடையில் போய் "ஹலாலா?" என்று கேட்காதீர்கள்

கொரியாவுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் இன்பாக்ஸில் விசாவுக்கு அடுத்தபடியாகக் கேட்பது சோற்றைப் பற்றித்தான். "பாய், ஹலால் கடை எங்க இருக்கு?" பழைய ஆட்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: சியோலில் இத்தேவொன். 1976-இல் திறந்த பெரிய பள்ளிவாசலுக்கு ஏறும் மேட்டுத் தெரு, வழியெல்லாம் கெபாப், பிரியாணி. நல்ல பதில்தான். ஆனால் நான் இருக்கும் தேகு நகரத்திலிருந்து அங்கே போக அதிவேக ரயிலிலேயே இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாராவாரம் யாரால் முடியும்? மிச்ச நாளெல்லாம் அறையில் முட்டையும் சோறும். இப்படியே பிஎச்டி முடித்துவிட்டு, "கொரியச் சாப்பாட்டுல நமக்கு ஒண்ணும் ஆகாதுப்பா" என்று ஊரில் போய்ச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும்.

பல்கலைக்கழக வாசலை ஒட்டிய சந்துகளில் வீட்டுச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். பெக்பன் என்பார்கள். பெரும்பாலும் வயதான பெண்கள் நடத்துவது. அவர்களை எல்லாரும் 'இமோ' என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் சின்னம்மா என்கிற மாதிரி. உட்கார்ந்ததும் சோறு, ஒரு சூப், சின்னச் சின்னத் தட்டுகளில் ஐந்தாறு பஞ்சன், அதாவது தொடுகறி, வந்துவிடும். நல்லெண்ணெயும் பூண்டும் போட்டுப் பிசறிய கீரை, சோயா முளை, இனிப்பும் உப்புமாய் மொறுமொறுவென்று வறுத்த பொடி நெத்திலி, சுட்ட கடற்பாசி, காரமாக ஊற வைத்த கோஸ் கிம்ச்சி. மீன் கேட்டால் முழுக் கானாங்கெளுத்தியை உப்புப் போட்டுத் தோல் கருகச் சுட்டுத் தருவார்கள். இல்லையென்றால் முள்ளங்கியை அடியில் அடுக்கி வாளை மீனைக் காரமாகக் கொதிக்க வைத்தது. தீர்ந்த பஞ்சன் தட்டை நீட்டினால் மறுபடி நிறைத்துத் தருவார்கள், காசு கிடையாது. இதில் நமக்கு ஆகாதது எது?

சிக்கல் நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. வாசலில் நின்று "ஹலாலா?" என்றால் இமோ உடனே கையை ஆட்டி இல்லை என்பார். அந்தச் சொல்லை அவர் கேட்டிருந்தால், அது கொரிய முஸ்லிம் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் தரும் சான்றிதழ் என்றுதான் தெரியும். அந்தச் சான்றிதழ் அவரிடம் இல்லை, பொய் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். நாமும் "பார்த்தியா, ஹராம் கடை" என்று திரும்பி வந்துவிடுகிறோம். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டியது நம் கடமை. அந்தச் சுமையை அடுப்படியில் வியர்த்து நிற்கும் அம்மாவின் தலையில் ஏற்றுவது என்ன நியாயம்?

பொருளைக் கேளுங்கள். அதற்கும் முன்னால் சுவரைப் பாருங்கள். எந்த இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உணவகத்தில் எழுதி வைப்பது கொரியாவில் சட்டம். அரிசி, கிம்ச்சிக் கோஸ், மாடு, பன்றி, கோழி எல்லாம் அந்தப் பலகையில் இருக்கும். பன்றிக்கான எழுத்தை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் வாசலிலேயே தெரிந்துவிடும். அந்த வரி இருந்தால் அதே கத்தி, அதே கல் என்ற கேள்வி வரும். எனக்கு அது ஒப்பாது, அடுத்த கடைக்குப் போய்விடுவேன். மீன் கடை, டோஃபு (சோயாக் கட்டி) கடை என்று தேடினால் அந்த வரியே இல்லாதவை கிடைக்கும்.

"இறைச்சி வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லி நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். பலருக்கு ஹேம் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) இறைச்சிக் கணக்கிலேயே வராது, முட்டைச் சுருளுக்குள் ரோஸ் நிறத்தில் சிரித்துக்கொண்டு வரும். சுன்துபு என்கிற மெல்லிய டோஃபுக் குழம்பில் பொடியாகக் கொத்திய பன்றி கிடக்கும். கிம்ச்சி ஜிகே, அதாவது கிம்ச்சிக் குழம்பு என்றால் பன்றி இல்லாமல் பெரும்பாலும் வைக்கவே மாட்டார்கள். புளிக்க வைத்த சோயா விழுதில் வைக்கும் தெந்ஜாங் ஜிகே பரவாயில்லை, நெத்திலியும் கடற்பாசியும் போட்ட தண்ணீரில் வைப்பது வழக்கம், இருந்தாலும் கேட்டுவிடுங்கள். கோழி, மாடு எல்லாம் நம் முறையில் அறுத்ததல்ல என்பதால் நான் தொடுவதில்லை. கடையில் விற்கும் கொச்சுஜாங் (மிளகாய் விழுது) டப்பாக்கள் பலவற்றில் கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள். இதில் உலமாக்களிடம் கேட்டு அவரவர் முடிவு செய்துகொள்ளுங்கள், நான் ஃபத்வா கொடுக்கிற ஆள் இல்லை.

கிம்ச்சியிலும் உப்பில் ஊறிய குட்டி இறால் உண்டு. நான் ராவுத்தர் வீட்டுப் பையன், மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) ஹனஃபி. எங்கள் வீட்டில் இறால் உண்டு, நண்டு கிடையாது. என்னோடு சாப்பிட வரும் காயல்பட்டினத்துத் தம்பி ஷாஃபி, கடலில் இருப்பதெல்லாம் அவனுக்குச் சரி. சோயா சாற்றில் ஊறிய பச்சை நண்டை ஓடு பிளந்து, மஞ்சள் சினையைச் சோற்றில் பிழிந்துகொண்டே, "காக்கா, ஒங்க மத்ஹபுக்கு இது நஷ்டம்தான்" என்பான் (அவன் ஊரில் காக்கா என்றால் அண்ணன்). ஒரே மேசையில் இருக்கும் தமிழ் முஸ்லிம்கள் எங்களுக்குள்ளேயே ஒத்து வரவில்லை, இமோ 'ஹலாலா' என்பதற்கு ஆம் என்று எந்தக் கணக்கில் சொல்வார்?

இதே தேகுவில், கியோங்புக் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் முஸ்லிம் மாணவர்கள் பள்ளிவாசல் கட்டப் போய் என்ன நடந்தது என்பது எனக்கும் தெரியும். வட்டார நிர்வாகம் கட்டுமானத்தை நிறுத்தியது செல்லாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதன் பிறகு அக்கம்பக்கத்தில் எதிர்த்த சிலர் அந்த இடத்தின் முன்னால் பன்றித் தலைகளை வைத்தார்கள், டிசம்பரில் பன்றி சுட்டு விருந்தும் நடத்தினார்கள். அதைக் காட்டி "இவனுங்க கடையில போய் ஏன் சாப்பிடுற?" என்று கமெண்டில் வருவார்கள். பன்றித் தலையை வைத்தவர் வேறு, எனக்காக முட்டையைத் தனிச் சட்டியில் வேக வைத்துத் தருபவர் வேறு. ஊரில் எல்லா இந்துக்களும் ஒன்று இல்லை என்று தினமும் வாதாடுகிற நாம், இங்கே வந்து எல்லாக் கொரியர்களும் ஒன்று என்று பேசலாமா?

"ரொம்பப் பார்க்காதே, பிஸ்மி சொல்லிட்டுச் சாப்பிடு" என்கிற கோஷ்டியும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சுவர்ப் பலகையைப் பற்றி எழுதினேன்.

போவதென்றால் மதியத்தில் போங்கள். ராத்திரியில் இதே கடைகள் பலவற்றில் சோஜு சாராய பாட்டில் இல்லாத மேசையைப் பார்ப்பது கஷ்டம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக ஓடிவிட வேண்டும். மூன்று மணிக்குப் பல கடைகள் அடுப்பை அணைத்துவிட்டு ஐந்து மணிக்குத்தான் திறக்கும், கானாங்கெளுத்தி அதற்கும் முன்னாலேயே தீர்ந்துவிடும்.