அந்த அப்பா தள்ளிவிடலைங்க

நேத்திலிருந்து அந்த வீடியோதான் எல்லார் சுவரிலும். செங்குத்துப் பாறை, விளிம்பில் பஞ்சு மாதிரி ஒரு குஞ்சு, பக்கத்தில் பெரிய பறவை. மேலே தலைப்பு: "அப்பன் தள்ளிவிட்டாத்தான் பிள்ளை பறக்கும்." அதுக்கு எத்தனை இதயக்குறி!

அது கில்லிமாட்ங்கிற கடல் பறவை. ஆக் (auk)ன்னு சொல்ற கடல் பறவைக் குடும்பம். அப்பா தள்ளவும் இல்லை, குஞ்சு பறக்கவும் இல்லை.

இது கூடே கட்டாது. வெறும் பாறைத் திட்டில் ஒரே ஒரு முட்டை. ஒரு சதுர மீட்டரில் 20 ஜோடிகூட நெருக்கியடிச்சு நிக்கும். சுமார் 32 நாள் அடைகாத்துப் பொரிச்ச குஞ்சு, மூணே வாரத்தில் கிளம்பிடும். அப்போ எடை 250 கிராம் சொச்சம், அப்பாவோட எடையில் கால்வாசி. பறக்கிறதுக்கான பெரிய இறகு முளைச்சே இருக்காது. பிறகு ஏன் இந்த அவசரம்? கில்லிமாட் ஒரு நடைக்கு ஒரு மீன்தான் அலகில் கொண்டுவரும். வளர்ற குஞ்சுக்கு அது போதாது. அதனால குஞ்சையே மீன் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுது.

பொழுது சாயற நேரமாப் பார்த்துக் குஞ்சு பாறையிலிருந்து கடலுக்குக் குதிக்கும்; வெளிச்சத்தில் குதிச்சா கடற்காகம் தூக்கிடும். அப்பா கூடவே இறங்கும், இல்லைன்னா கீழே தண்ணீரில் இருந்து கூப்பிடும். முட்டை ஓடு விரிசல் விடும்போதே குஞ்சுக்கு அந்தக் குரல் பழக ஆரம்பிச்சிடும். அப்புறம் ஒரு மாசம், ரெண்டு மாசம் நடுக்கடலில் ஊட்டி வளர்க்கிறது அப்பாதான். தள்ளிவிட்ட அப்பன் செய்யற வேலையா இது?

"கருத்து நல்லதுதானே"ன்னு வருவீங்க, தெரியும். நல்ல கருத்துன்னா உங்க பேரில் சொல்லுங்க, பறவை தலையில் ஏன் கட்டறீங்க?

ஒருத்தர் ஆதாரமா பஃபின் படம் ஒட்டியிருக்கார். அதுவும் ஆக்தான், ஆனா வளைக்குள்ள முட்டையிடும். அதன் குஞ்சு ராத்திரியில் தனியாக் கிளம்பும், அப்பாவும் வராது, அம்மாவும் வராது. உங்க தத்துவத்துக்கு அதையாவது எடுத்துக்கலாம்.

"பறவைக்கு வக்கீலா?"ன்னு ஒரு நக்கல் வேற. சரி, வக்கீல்தான். 2014-16ல் பசிபிக் கடல் சூடேறி மீன் குறைஞ்சப்போ, அலாஸ்காவில் இதே பறவை 40 லட்சம் செத்துச்சு, அங்க இருந்ததில் பாதி. அதுக்கு யாரும் தலைப்பு வெச்சுப் பகிரலை. பிள்ளையை அடிக்கிறதுக்கு ஒரு சாக்கு வேணும்னா மட்டும் பறவை ஞாபகம் வருது.

வீடியோவில் பாட்டு ஏத்தாத மூலம் கிடைச்சா, சத்தத்தைக் கூட்டி வெச்சுக் கேளுங்க. கீச்சுன்னு கத்துறது குஞ்சு. கரகரன்னு பதில் கொடுக்கிறது அப்பா.