விண்டோஸ் டைல்ஸ்: பழி யார் மேல்?

டைல்ஸ், அதாவது ஸ்டார்ட் பக்கத்தில் ஐகானுக்குப் பதிலாக ஆப்களைத் திறக்க வைத்த கட்டங்கள், என்று சொன்னாலே பலருக்கு 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 நினைவுக்கு வந்து எரிச்சல் கிளம்பிவிடும். எரிச்சலில் நியாயம் இருக்கிறது, பழிதான் ஆள் மாறி விழுகிறது. விரலுக்காக யோசித்த அந்த ஸ்டார்ட் பக்கத்தை மவுஸ் பிடித்தவர் தலையில் கட்டினார்களே, கோளாறு அங்கேதான் என்பது என் கட்சி.

முதலில் டேப்லெட்டைப் பாருங்கள். 10.6 அங்குலத் திரை, 1366×768 பிக்சல். ஒரு மீடியம் டைல் 150 பிக்சல், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் தட்டினாலும் குறி தப்பாது. அடிக்கடி திறப்பதைப் பெரிதாக்கி ஓரத்தில் வைத்தால் கண்ணே தேவையில்லை, கை தானாகப் போகும். இந்த இடஞாபகம்தான் டைலின் உண்மையான பலம். ஐகான் வரிசையில் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. அங்கே இது அமைவது கஷ்டம்.

இதே பக்கத்தை 24 அங்குல மானிட்டரில் விரித்தால் கதை மாறிவிடுகிறது. அதே 150 பிக்சல் அங்கே நான்கு சென்டிமீட்டர். மவுஸ் முனைக்கு இவ்வளவு இடம் எதற்கு? குறி பெரிதானால் அடிப்பது சுலபம், தூரம் கூடினால் அந்தச் சுலபம் போய்விடும். பழைய ஸ்டார்ட் மெனு மூலையிலேயே, மவுஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே திறந்தது. விண்டோஸ் 8-இல் மூலையிலிருந்து திரையின் நடுவுக்கும் வலப்பக்கத்துக்கும் பயணம். இதைவிட மோசம் ரைட் க்ளிக். மேல் வரிசையில் ஒரு டைலை ரைட் க்ளிக் செய்தால், 'அன்-பின்' (டைலை எடுத்துவிடுவது), 'ரீசைஸ்' (அளவை மாற்றுவது) கட்டளைகள் திரையின் அடிவிளிம்பில் முளைக்கும். பக்கத்திலேயே மெனு வர 2014 ஏப்ரல் அப்டேட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டார்ட் திரையில் பவர் பட்டனும் அந்த அப்டேட்டில்தான் வந்தது. அதுவரை கம்ப்யூட்டரை நிறுத்தவே திரையின் வலது ஓரத்தில் ஒளிந்திருந்த 'சார்ம்ஸ்' பட்டையில் செட்டிங்ஸுக்குள் போய்த் தேட வேண்டும்!

டைல்களைக் குரூப்பாகப் பிரித்து, குரூப்புக்குப் பெயர் வைக்கும் வசதி முதல் நாளிலிருந்தே இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வீலைச் சுழற்றி, பக்கத்தைச் சுருக்கினால்தான் அது கிடைக்கும். பெயரில்லாத நாற்பது டைல் என்பது வெறும் குவியல். பலர் பார்த்தது அந்தக் குவியலைத்தான்.

அடுத்து, லைவ் டைல். கேட்க அழகான யோசனை: ஆப்பைத் திறக்காமலே செய்தி, வானிலை, மெயில். ஆனால் டெஸ்க்டாப்பில் ஸ்டார்ட் திறந்திருப்பது இரண்டு விநாடி. ஒரு டைல் அதிகபட்சம் ஐந்து அறிவிப்புகளை மாற்றி மாற்றிக் காட்டும், நமக்கு வேண்டியது அந்த இரண்டு விநாடியில் வந்தால் அதிர்ஷ்டம். சர்வரிடம் தானே கேட்டு வாங்கும் டைலுக்குக் குறைந்தபட்ச இடைவெளி அரை மணி நேரம், அதனால் ஸ்கோர் பார்க்க உதவாது. தட்டினால் டைலில் ஓடிய செய்தி திறக்காது, ஆப்பின் முதல் பக்கம் திறக்கும். 2016-இல் இதற்கு ஒரு வழி கொடுத்தார்கள், ஆனால் ஆப் எழுதுபவர் அதைத் தனியாகச் செய்ய வேண்டும்.

இன்னொரு நஷ்டம் அடையாளம். நாம் ஆப்பைத் தேடுவது நிறத்தையும் வடிவத்தையும் வைத்து. போட்டோ ஆப்பில் ஒரு முகம், நியூஸ் ஆப்பில் இன்னொரு முகம் என்று ஓடிக்கொண்டிருந்தால் எது எது? விண்டோஸ் 10-இல் பல டைல்கள் ஒரே தீம் நிறத்துக்கு வந்தன, 2020 அக்டோபர் பதிப்பில் பின்னணி நிறமும் போயிற்று. மிஞ்சியிருந்த அடையாளமும் மங்கிவிட்டது.

விண்டோஸ் 10-இல் இன்னும் இருப்பவர்கள் இப்படி அமைத்துப் பாருங்கள். வானிலை மாதிரி ஒன்றிரண்டை மட்டும் வைடு (இரு மடங்கு அகல) அளவில் லைவாக விடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் ரைட் க்ளிக், மோர், டர்ன் லைவ் டைல் ஆஃப். தினமும் திறப்பது மீடியம், எப்போதாவது திறப்பது ஸ்மால். ஸ்மாலில் பெயர் தெரியாது, லோகோ பார்த்ததும் புரிகிற ஆப்பாக இருக்கட்டும். டெஸ்க்டாப் புரோகிராம்களுக்கு இந்த இரண்டு அளவுதான் உண்டு. ஒரு வரிசைக்கு மூன்று மீடியம் போதாது என்றால் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், ஸ்டார்ட் போய் 'ஷோ மோர் டைல்ஸ்' போடுங்கள், நான்காகும். டெஸ்க்டாப்பில் ஃபுல் ஸ்கிரீன் ஸ்டார்ட் வேண்டாம், டேப்லெட்டில் தாராளமாக வையுங்கள். அடுக்கி முடித்தபின் இடம் மாற்றவே மாற்றாதீர்கள். வாரம் ஒரு முறை கலைத்தால் கை பழகாது.

2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது லைவ் டைலோடு சேர்த்து அளவு மாற்றும் வசதியையும் தூக்கிவிட்டார்கள். முதலாவது போனதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாவதை ஏன் எடுத்தார்கள் என்பதுதான் புரியவில்லை. டேப்லெட் மோடும் போனது. அதே ஆண்டு ஐபேடில் ஹோம் ஸ்கிரீனில் எங்கு வேண்டுமானாலும் விட்ஜெட் (ஆப்பைத் திறக்காமலே தகவல் காட்டும் பெட்டி) வைக்க வழி வந்தது, 2023-இல் அதிலேயே பட்டன் அழுத்தி வேலை முடிக்கவும் முடிந்தது. லைவ் டைல் செய்யாமல் விட்டது அந்தக் கடைசி வேலையைத்தான்.