ஜூன் மாதத்து ஓட்டு

ஞாயிற்றுக்கிழமை சங்க விழாவில் அந்த அண்ணன் மைக்கைப் பிடித்துப் பேசியதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "பிரைமரியில் ஓட்டுப் போட நம்ம ஆட்களுக்குச் சோம்பல். அப்புறம் வேட்பாளர் சரியில்லை என்று புலம்புவார்கள்." கைதட்டல் வேறு. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நாம் இருப்பது நியூ ஜெர்சியில். பிரைமரி என்றால், அதிபர் தேர்தலுக்கு முன் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் வாக்குப்பதிவு. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு நாளில் நடக்கும். நமக்கு ஜூனில். 2024-ல் டிரம்பும் பைடனும் மார்ச் 12-லேயே வேட்பாளர் ஆவதற்குத் தேவையான கட்சிப் பிரதிநிதிகளைச் சேர்த்துவிட்டார்கள். நமக்கு வாக்குப்பதிவு ஜூன் 4. இலை எடுத்த பிறகு பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு, சாப்பிட வரவில்லை என்று நம்மையே திட்டினால் எப்படி?

2016-ல்தான் நான் குடியுரிமை வாங்கி முதன்முதலாக அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடக் காத்திருந்தேன். தபாலில் வந்த மாதிரி வாக்குச்சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, பெயர்களுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். வாக்குப்பதிவு ஜூன் 7. ஆறாம் தேதி இரவு, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது செய்தி வருகிறது: ஹிலாரி கிளின்டன்தான் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்று ஏ.பி. செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது. நாமும் ஓட்டுப் போடவில்லை, அத்தனை பெரிய கலிஃபோர்னியாவும் போடவில்லை! மறுநாள் போனேன், போட்டேன். காரில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. இதற்குப் பெயர் சோம்பலா?

"சின்ன மாநிலத்தில் தொடங்கினால்தான் பணமில்லாதவரும் வீடு வீடாகப் போய்ப் பேசி மேலே வர முடியும்" என்பார்கள். 1976-ல் ஜிம்மி கார்ட்டர் ஐயோவாவில் அப்படித்தான் வந்தார், சரி. அதற்காகக் காலமெல்லாம் முதலில் ஐயோவா, நியூ ஹாம்ப்ஷயர் என்று அதே இரண்டு மாநிலங்களா? தன் பிரைமரி மற்ற மாநிலங்களுக்கு 7 நாளாவது முன்னால் நடக்க வேண்டும் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. 2024-ல் ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முதலில் வைத்தது. நியூ ஹாம்ப்ஷயர்காரர்கள் அதை மதிக்காமல் ஜனவரி 23-லேயே நடத்திவிட்டார்கள். வேட்பாளர்கள் ஐயோவா சோளத்துக்காக, அதிலிருந்து எடுக்கும் எரிபொருளான எத்தனாலைப் புகழ்கிறார்கள். நம் ரயிலைப் பற்றிப் பேச அவர்களுக்கு என்ன அவசரம்?

"பைடன் ஐயோவாவில் தோற்றும் ஜெயித்தாரே" என்று ஒருவர் நிச்சயம் வருவார். 2020-ல் ஐயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. பிப்ரவரி 29-ல் தென் கரோலினாவில் ஜெயித்ததும் அவரோடு போட்டியிட்ட புட்டிஜெஜும் குளோபுசாரும் இரண்டே நாளில் விலகினார்கள். மார்ச் 3-ல் பிரைமரி நடந்த மாநிலங்களில் இவர்களுக்கு முன்கூட்டியே தபாலில் ஓட்டுப் போட்டவர்கள் கதி? வரிசைதான் முடிவு செய்கிறது என்று நானும் அதைத்தானே சொல்கிறேன்!

இன்னொன்று நெஞ்சை அறுக்கிறது. சென்னையிலிருந்து வந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2019 டிசம்பர் 3-ல் பணமில்லை என்று அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகினார். நம் மாநிலத்து செனட்டர் கோரி புக்கரும் 2020 ஜனவரி 13-ல் விலகினார். அதுவரை நாட்டில் ஒருவர்கூட ஓட்டுப் போட்டிருக்கவில்லை. ஐயோவா கருத்துக்கணிப்பில் பின்தங்கினால் நன்கொடை வற்றிவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் வேண்டுமா, வேண்டாமா என்று நம்மிடம் யாரும் கேட்கவே இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட நமக்கு இல்லையா?

இதை மாற்றவே முடியாது என்று சொல்லாதீர்கள். 2008-ல் இதே நியூ ஜெர்சி பிப்ரவரி 5-ல் ஓட்டுப் போட்டது. அப்புறம் செலவைக் காட்டி ஜூனுக்கே திருப்பிவிட்டார்கள். அண்ணனுக்கு மைக் கிடைத்தால் நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கூப்பிட்டு இதைக் கேட்கட்டும். கூட நிற்க நான் வருகிறேன்.